வளை இறாலின் மூச்சு

ட்ருகனினாவில் குடியேறியுள்ள எம்மவர்கள் ஞாயிறுகளில் பிள்ளைகளுடன் அல்ரோனா கடற்கரைக்குப் போய் வருவதை அறிவோம். வற்று நேரத்தில் சேற்று மணலில் விரல் நுழையும் அளவுத் துளைகளைக் கண்டிருப்பீர்கள். நண்டு வளை என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பீர்கள். நண்டு வளைகளும் உண்டுதான். ஆனால் போட் பிலிப் குடாவின் சேற்றில் வளை தோண்டி வாழும் இறாலும் உண்டு. தூண்டில்காரர் அதை 'பாஸ் யாபி' என்பர். விரல் நீளந்தான், வெளிறிய உடல், ஒரு கை மட்டும் பெருத்திருக்கும். கறிக்கு உதவாது, தூண்டில் இரைக்கு உதவும்.

ஆழச் சேற்றில் ஒட்சிசன் இல்லை. கிண்டினால் கறுப்பாக வந்து மணப்பது அதனாற்றான். அங்கே இது எப்படி மூச்சு விடுகிறது? வயிற்றின் கீழுள்ள அகன்ற கால்கள் விசிறிபோல அசைந்து, மேலிருந்து கடல்நீரை வளைக்குள் இழுக்கின்றன. மற்ற வேலை உடலுக்குள்ளே. இறால் துப்புரவு செய்யும்போது தலையோட்டைக் கழற்றினால் இரு பக்கமும் இறகுபோலத் தெரியுமல்லவா, அதுதான் பூ. (நாம் கழித்து எறிவது!) பூ இருக்கும் அறையின் முன்பக்கம், வாயருகே, ஒரு சிறு தகடு ஓயாமல் அடிக்கிறது. அது நீரை முன்னால் தள்ள, கால்களின் அடியால் புதுநீர் உள்ளே வந்து பூவைக் கழுவிச் செல்கிறது. இறால், நண்டு இனங்கள் பலவும் இடையிடையே இந்த ஓட்டத்தை எதிர்ப்பக்கம் திருப்பி, படிந்த சேற்றைக் களைந்துகொள்ளும்.

வற்றில் வளை நீரிலும் ஒட்சிசன் குறைந்துவிடும். அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள இதன் உறவினம் ஒன்று, ஒட்சிசன் அறவே இன்றி ஐந்து நாட்கள் வரை தாக்குப்பிடித்ததை 1969 இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

இதில் எமக்கென்ன என்று கேட்பீர்கள். எங்கள் குசினிகளிலிருந்து போகும் கழிவுநீர் வெரிபி சுத்திகரிப்பு நிலையத்துக்கே செல்கிறது. மெல்பேர்ணின் கழிவுநீரில் ஏறத்தாழப் பாதி அங்குதான். சுத்திகரித்த நீர் குடாவில் சேரும்போதும் அதில் நைதரசன் எஞ்சியிருக்கும். அது மிகுந்தால் பாசி பெருகி, மீன் மூச்சடைத்துச் சாகும். சீ.எஸ்.ஐ.ஆர்.ஓ. 1992 முதல் 1996 வரை நடத்திய ஆய்வில், குடாவைக் காப்பது அடிச்சேற்றின் பக்ரீரியாக்களே என்று தெரியவந்தது. அவை நைதரசனை வாயுவாக்கி வெளியேற்றுகின்றன. அதன் முதற் கட்டத்துக்கு ஒட்சிசன் வேண்டும். அதைச் சேற்றுக்குள் கொண்டுபோவது இறால், புழு போன்ற வளைவாழ் பிராணிகள். தமக்கு மூச்சுவிடத்தான் இழுக்கின்றன. பயன் முழுக் குடாவுக்கும்.

இன்னொன்று. விக்ரோறியாவில் இரை பிடிப்பதும் மீன்பிடியாகவே கருதப்படும். 18 முதல் 69 வயது வரையுள்ளோருக்கு, சில சலுகை அட்டைக்காரர் தவிர, அனுமதிப்பத்திரம் வேண்டும். எந்தக் கரையில் எவ்வளவு என்பதை மாநில மீன்பிடி அதிகாரிகளிடம் விசாரித்த பின்னரே கைப்பம்பை எடுங்கள். பிள்ளைகள் கிண்டிய குழிகளையும் மூடிவிட்டு வரச் சொல்லுங்கள்.