ஜோடிக்கு ஏற்ற சொகுசுக் கப்பல் எது?

சொகுசுக் கப்பல் விளம்பரங்களில் எப்போதும் ஒரு ஜோடிதான் இருக்கும். பால்கனியில் இரண்டு நாற்காலி, இரண்டு கோப்பை, எதிரே சூரிய அஸ்தமனம். படத்தில் குழந்தை அழாது, சாப்பாட்டு வரிசை இருக்காது, பக்கத்தில் வேறு யாருமே இருக்க மாட்டார்கள். அந்தப் படத்தை நம்பி மியாமியில் ஒரு பெரிய கப்பலில் ஏறும் கணவன் மனைவிக்கு முதல் நாள் மாலையே விஷயம் தெரிந்துவிடும். அதே கப்பலில் இன்னும் ஐயாயிரம் பேர் இருக்கிறார்கள்!

எந்தக் கம்பெனியைத் தேர்ந்தெடுப்பது என்று யாரைக் கேட்டாலும் ஒரே மாதிரி பதில்தான் வரும். கார்னிவல் மலிவு, ராயல் கரீபியன் பிரமாண்டம், செலிப்ரிட்டி கொஞ்சம் டீசன்ட், குனார்ட் பாரம்பரியம். இதெல்லாம் தப்பு இல்லை. ஆனால் ஒரு வார விடுமுறைக்காக வருடக்கணக்கில் பணம் சேர்த்த இருவருக்கு இது போதாது. அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. கப்பல் ஏறிய பிறகு, அந்தக் கம்பெனி அவர்களிடம் இன்னும் எதையெல்லாம் விற்க வேண்டியிருக்கிறது? நிறைய விற்க வேண்டிய கப்பல் ஒரு ஜோடியைத் தனியாக விடாது. விட்டால் அதற்குக் கட்டுப்படியாகாது.

பெயர் பல, முதலாளி சிலர்

மளிகைக் கடையில் சர்ஃப், ரின், வீல் என்று மூன்று சோப்புத்தூள் அடுக்கியிருக்கும். மூன்றும் ஒரே கம்பெனி. கப்பல் தொழிலும் அப்படித்தான். கார்னிவல், பிரின்சஸ், ஹாலந்து அமெரிக்கா, குனார்ட், பி அண்ட் ஓ, கோஸ்டா, ஐடா, சீபோர்ன் எல்லாம் கார்னிவல் கார்ப்பரேஷனுக்குச் சொந்தம். 1840-ல் தொடங்கிய குனார்டின் 'பாரம்பரியத்தை' 1998-ல் கார்னிவல் விலைக்கு வாங்கியது. செலிப்ரிட்டியும் சில்வர்சீயும் ராயல் கரீபியன் குழுமத்தில். ஓஷியானியாவும் ரீஜன்ட்டும் நார்வீஜியன் குழுமத்தில். நான்காவது பெரிய ஆள் எம்எஸ்சி, சரக்குக் கன்டெய்னர் கப்பல் நடத்தும் அப்போன்டே குடும்பத்தினுடையது.

ஆகவே 'கார்னிவலா, பிரின்சஸா' என்று ஒரு ஜோடி மண்டையை உடைத்துக்கொள்ளும்போது, அவர்கள் இரண்டு போட்டியாளர்களை ஒப்பிடவில்லை. ஒரே முதலாளி இரண்டு வகை வாடிக்கையாளர்களுக்காக வைத்திருக்கும் இரண்டு கடைகளை ஒப்பிடுகிறார்கள். வித்தியாசம் உண்மையிலேயே உண்டு, ஆனால் அது பெயரில் இல்லை. எந்தக் கப்பல், எத்தனை பேர், எந்த மாதம் என்பதில்தான் இருக்கிறது.

இருவர்தான் அளவுகோல்

இந்தத் தொழிலின் கணக்கே ஜோடியை வைத்துத்தான். ஒரு கேபினுக்கு இரண்டு பேர் என்றால் 100 சதவீதம் நிரம்பியது என்று அர்த்தம். மூன்றாவது, நான்காவது படுக்கையில் ஆள் ஏறினால் 100-ஐத் தாண்டும். கார்னிவல் 2024-ஆம் ஆண்டுக்குக் காட்டிய கணக்கு 105 சதவீதம்! விளம்பரத்தில் போடும் கட்டணமும் 'இருவர் தங்கினால் ஒருவருக்கு' என்பதுதான். தனியாகப் போகிறவர் பல நேரங்களில் இரண்டு பேர் பணத்தைக் கட்ட வேண்டும். இந்த விஷயத்தில் ஜோடிகளுக்கு லாபம்.

ஆனால் அந்த மூன்றாவது படுக்கையை மறந்துவிடக் கூடாது. 2024 ஜனவரியில் கடலுக்கு வந்த ஐகான் ஆஃப் த சீஸ் கப்பலில் கேபினுக்கு இருவர் என்றால் 5,610 பயணிகள். எல்லாப் படுக்கையும் நிரம்பினால் 7,600. நடுவில் இருக்கும் சுமார் இரண்டாயிரம் பேரில் பெரும்பாலோர் பெற்றோருடன் வரும் பிள்ளைகள். பள்ளி விடுமுறையில் போனால் அந்த 7,600-க்கு நெருக்கமான கப்பல் கிடைக்கும். பள்ளி நடக்கும் மாதத்தில் போனால் அதே கப்பல், அதே பணியாளர்கள், ஆனால் கூட்டம் குறைவு. இதற்குக் கம்பெனியை மாற்றத் தேவையில்லை, காலண்டரை மாற்றினால் போதும்.

கூட்டத்தை அளக்க ஒரு எளிய வகுத்தல் கணக்கு உண்டு. கப்பலின் கிராஸ் டன்னேஜை (இது எடை அல்ல, உள்ளே இருக்கும் இடத்தின் அளவு) பயணிகள் எண்ணிக்கையால் வகுத்தால் ஒருவருக்கு எவ்வளவு இடம் என்று தெரியும். ஐகான் 2,48,663 டன். 5,610 பேருக்கு 44 வரும், 7,600 பேருக்கு 33-தான் வரும். வைகிங் கம்பெனியின் கடல் கப்பல் சுமார் 47,800 டன், 930 பேர். வகுத்தால் 51. சின்னக் கப்பலில்தான் ஆளுக்கு இடம் அதிகம்! இந்த இரண்டு எண்களும் எந்தக் கப்பலுக்கும் எளிதாகக் கிடைக்கும். புக்கிங் செய்யும் முன் ஒரு நிமிடம் செலவழித்து வகுத்துப் பார்க்காமல் இருப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை.

டிக்கெட் விலை ஏன் இவ்வளவு குறைவு?

கப்பல் கிளம்பிவிட்டால் எரிபொருள், சம்பளம், துறைமுகச் செலவு எல்லாம் ஏறக்குறைய நிலைச்செலவு. காலியாகப் போன கேபினை நாளைக்கு விற்க முடியாது. அதனால் என்ன விலைக்காவது கேபினை நிரப்பிவிட்டு, உள்ளே வந்தவரிடம் மீதியை வசூல் செய்வது என்பதுதான் பெரிய கம்பெனிகளின் வழி. 2024-ல் கார்னிவல் கார்ப்பரேஷனின் வருமானம் சுமார் 2,500 கோடி டாலர். அதில் மூன்றில் ஒரு பங்கு டிக்கெட்டில் வந்தது அல்ல. மது, காசினோ, கரைச் சுற்றுலா, ஸ்பா, இணையம் போன்றவற்றில் வந்தது.

ஒரு ஜோடிக்கு உதாரணக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஏழு இரவுக்கு ஆளுக்கு 700 டாலர், இருவருக்கு 1,400. தினமும் தானாக ஏறும் டிப்ஸ் ஆளுக்கு 18.50 என்றால் 259. மதுப் பேக்கேஜ் நாளுக்கு 70 என்று வைத்து, 18 சதவீத சர்வீஸ் சார்ஜ் சேர்த்தால் இருவருக்கு 1,156. வை-ஃபை 140. இரண்டு துறைமுகத்தில் கரைச் சுற்றுலா 320. ஒரு இரவு தனி உணவகத்தில் சாப்பாடு 120. கூட்டினால் 3,395 டாலர். அதாவது டிக்கெட் பாதிக்கும் குறைவு! 'எல்லாம் சேர்த்து 3,600' என்று சொன்ன இன்னொரு கம்பெனியை விலை அதிகம் என்று ஒதுக்கிவிட்டு வந்த ஜோடி மிச்சம் பிடித்தது 205 டாலர் மட்டுமே. அதற்கு ஒரு வாரம் முழுக்க ஒவ்வொன்றுக்கும் 'வாங்கலாமா, வேண்டாமா' என்று இருவரும் பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

மதுப் பேக்கேஜில் ஜோடிகளுக்கென்றே ஒரு விதி இருக்கிறது. ஒரே கேபினில் ஒருவர் வாங்கினால், மற்ற பெரியவரும் வாங்கியே ஆக வேண்டும் என்பது கார்னிவல், ராயல் கரீபியன் போன்றவற்றின் விதி. ஒரு பேக்கேஜை இருவரும் பங்கு போட்டுக் குடித்துவிடக் கூடாதே என்ற பயம். கணவர் குடிப்பார், மனைவி தொட மாட்டார் என்றால், மேலே உள்ள கணக்கில் 578 டாலர் ஆரஞ்சு ஜூஸுக்குப் போகிறது.

அதே சமயம் இதற்கு நேர் எதிரான ஒரு உண்மையும் உண்டு. மது வேண்டாம், சூதாட்டம் வேண்டாம், துறைமுகத்தில் சொந்தமாகவே நடந்து சுற்றுவோம், போனை அணைத்து வைப்போம் என்று இருக்கும் ஜோடிக்கு 1,400-ம் டிப்ஸ் 259-ம் சேர்த்து 1,659-ல் பயணம் முடிந்துவிடும். அவர்களுடைய கட்டணத்தில் ஒரு பகுதியைக் காசினோவில் உட்கார்ந்திருப்பவர்தான் கட்டுகிறார். அவர்கள் 'எல்லாம் உள்ளடங்கிய' கப்பலில் ஏறினால் மற்றவர்கள் குடிக்கும் வைனுக்கு இவர்கள் பணம் கட்டுவார்கள். ஆகவே மலிவுக் கப்பல் என்பது 'வேண்டாம்' என்று சொல்லத் தெரிந்தவர்களுக்கு உண்மையிலேயே மலிவு. ஆனால் அந்த வேண்டாமை இருவருமே சொல்ல வேண்டும். ஒருவர் சொல்லி மற்றவர் சொல்லாவிட்டால் விடுமுறை முழுக்கச் சண்டைதான்.

அமைதியும் ஒரு சரக்குதான்

வைகிங் கடல் கப்பல்களில் காசினோ கிடையாது, 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதி கிடையாது. ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒரு சுற்றுலா, வை-ஃபை, மதிய, இரவு உணவோடு பீரும் வைனும் கட்டணத்திலேயே அடக்கம். பிரிட்டனின் பி அண்ட் ஓ நிறுவனம் ஆர்கேடியா, அரோரா என்ற இரண்டு கப்பல்களைப் பெரியவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்திருக்கிறது. இவை வயதானவர்களின் கப்பல் என்று கேலி செய்பவர்கள் உண்டு. இரவு மூன்று மணி வரை ஆட்டம் வேண்டும் என்பவர்களுக்கு இவை ஒத்துவராது என்பதும் சரி. ஆனால் விளம்பரத்தில் காட்டும் அந்த இரண்டு நாற்காலி, இரண்டு கோப்பை வாழ்க்கைக்கு மிக அருகில் இருப்பவை இந்தக் கப்பல்கள்தான்.

டிப்ஸை வெட்டுவது மிச்சம் அல்ல

சில ஜோடிகள் கப்பலின் ரிசப்ஷனுக்குப் போய்த் தினசரி டிப்ஸை நீக்கச் சொல்கிறார்கள். கம்பெனியை மடக்கிவிட்டதாக ஒரு சந்தோஷம். உண்மையில் குறைவது கேபினைச் சுத்தம் செய்பவரின், பரிமாறுபவரின் சம்பளம். அதைச் சம்பளமாகக் கொடுக்காமல் டிப்ஸாகக் காட்டுவது கம்பெனியின் தந்திரம். ஆனால் அதற்கான தண்டனை தொழிலாளிக்குப் போகக் கூடாது. டிப்ஸையும் கட்டணத்தோடு கூட்டித்தான் கம்பெனிகளை ஒப்பிட வேண்டும். கலிபோர்னியாவின் மறைமுகக் கட்டணச் சட்டம் 2024 ஜூலையில் வந்த பிறகு, அமெரிக்க விளம்பரங்களில் வரியும் துறைமுகக் கட்டணமும் சேர்ந்த விலையைப் பெரிய கம்பெனிகள் காட்டத் தொடங்கின. டிப்ஸ் இன்னும் வெளியேதான் நிற்கிறது.

கொடியும் இதோடு சேர்ந்ததுதான். பெரும்பாலான கப்பல்கள் பஹாமாஸ், பனாமா, மால்டா, பெர்முடா போன்ற இடங்களில் பதிவானவை. குனார்ட் தன் கப்பல்களை 2011-ல் சவுதாம்ப்டனிலிருந்து பெர்முடா பதிவுக்கு மாற்றியது. கம்பெனி சொன்ன காரணம், அப்போதுதான் நடுக்கடலில் கேப்டன் திருமணம் செய்துவைக்க முடியும் என்பது. அதே ஆண்டு மாலுமிகளின் சம்பளப் பாகுபாடு பற்றிய பிரிட்டிஷ் விதிகள் வந்ததையும் பலர் சுட்டிக்காட்டினார்கள். கல்யாணக் காரணம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது!

டிக்கெட்டின் பொடி எழுத்து

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த ஷூட் தம்பதி, லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து மெக்சிகோவுக்குக் கார்னிவல் கப்பலில் போனார்கள். கப்பலின் சமையலறையைச் சுற்றிக் காட்டும்போது மனைவி வழுக்கி விழுந்து அடிபட்டார். சொந்த மாநிலத்தில் வழக்குப் போட்டார்கள். வழக்கு புளோரிடாவில்தான் போட வேண்டும் என்று டிக்கெட்டில் அச்சிட்டிருக்கிறது என்றது கம்பெனி. அந்த டிக்கெட்டே பணம் கட்டிய பிறகுதான் தபாலில் வந்தது! ஆனாலும் 1991-ல் அமெரிக்க உச்சநீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் கம்பெனி பக்கம் தீர்ப்புச் சொன்னது. நாட்டின் ஒரு மூலையில் இருக்கும் ஜோடி, எதிர் மூலைக்குப் போய் வழக்காட வேண்டும். இன்றும் பெரிய கம்பெனிகளின் ஒப்பந்தங்களில் இந்த மாதிரி விதிகள் இருக்கின்றன. காயம் என்றால் பொதுவாக ஒரு வருடத்துக்குள் வழக்குத் தொடுத்தாக வேண்டும்.

துறைமுகத்தை மாற்றும், விட்டுவிடும் உரிமையும் ஒப்பந்தத்தில் கப்பலுக்கே உண்டு. இதற்கு நம் கரையிலேயே உதாரணம் இருக்கிறது. 1990-ல் ராயல் கரீபியன் மியாமியிலிருந்து மூன்று, நான்கு இரவுப் பயணங்களுக்காகக் கட்டிய நார்டிக் எம்பிரஸ் என்ற கப்பல்தான், பிறகு கோர்டீலியா நிறுவனத்தின் எம்பிரஸாக 2022 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பியது. காசினோ எதிர்ப்பு கிளம்பியதால் புதுச்சேரியில் இறங்க அனுமதி கிடைக்கவில்லை. ஒரு குறிப்பிட்ட ஊருக்காகவே கப்பல் ஏறுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். ஊர் முக்கியம் என்றால் விமானமும் ஹோட்டலும்தான் உத்தரவாதம்.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது?

வரிசையை மாற்றினாலே பாதிக் குழப்பம் தீரும். முதலில் கடலும் மாதமும். அடுத்து கப்பல், அதில் ஆளுக்கு எவ்வளவு இடம். பிறகு டிப்ஸ் முதல் கரைச் சுற்றுலா வரை எல்லாவற்றையும் கூட்டி, இரவுகளால் வகுத்த மொத்த விலை. கடைசியில்தான் கம்பெனியின் பெயர். இதற்கு முன்னால் இருவரும் தனித்தனித் தாளில், எதற்குச் செலவு செய்யத் தயார், எதற்குத் தயாரில்லை என்று எழுதி ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. இரண்டு தாளும் 'எதுவும் வேண்டாம்' என்று சொன்னால் மலிவான பெரிய கப்பல். இரண்டும் நீளமாக இருந்தால் எல்லாம் உள்ளடங்கிய சின்னக் கப்பல். ஒன்று நீளம், ஒன்று குட்டை என்றால் அதைக் கரையிலேயே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். நடுக்கடலில் பேசினால் அதற்கும் சேர்த்து பில் வரும்.