எண்ணெய் ஊர்ப் பிள்ளை
திருவொற்றியூர் பக்கத்துக் காயலான் கடைகளைக் கடக்கும்போதெல்லாம் ராபர்ட் ரவுஷன்பெர்க் நினைவுக்கு வருகிறார். ஆட்டின் இடுப்பில் டயரை மாட்டிய அமெரிக்கக் கலைஞர் என்றுதான் அவரைச் சொல்வார்கள். எனக்கு முக்கியம் அவர் பிறந்த ஊர். டெக்சாஸின் போர்ட் ஆர்தர்: துறைமுகம், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள், புகைபோக்கிகள். மணலிக்கும் எண்ணூருக்கும் இடையே வாழ்கிறவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டாம். 1980களில் எண்ணெய் விலை சரிந்து டெக்சாஸ் முடங்கியதைப் பார்த்துவிட்டுத்தான், 1986இல் ‘க்ளட்ஸ்’ வரிசையைத் தொடங்கினார். நசுங்கிய சாலைப் பலகைகளும் கார்த் தகரங்களும்தான் அதில் சிற்பங்கள். குப்பையை அழகாக்கினார் என்று இதைப் புகழ்வது எனக்குச் சம்மதமில்லை. துருவையும் கீறலையும் அவர் மறைக்கவே இல்லை. எங்கிருந்து வந்தோம் என்று அந்தத் தகரங்களே சொல்கின்றன. 1975இல் அகமதாபாத் வந்து ஆசிரமக் காகித ஆலையில் கந்தல், மூங்கில், சேறு எல்லாம் வைத்து வேலை செய்தவர், இந்தப் பக்கமும் வந்திருக்கக் கூடாதா என்று ஏங்கியிருக்கிறேன். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்த எண்ணெயில் எண்ணூர் மீனவர்களின் வலைகள் கறுத்துப்போயின. இழப்பீட்டுப் பேச்சோடு அவற்றை மறந்துவிட்டோம். அந்த வலைகளில் ஒன்றையாவது கழுவாமல் எழும்பூர் அருங்காட்சியகத்தில் மாட்டியிருக்க வேண்டும். வடசென்னையின் இளம் கலைஞர்கள் இதை உரக்கக் கேட்க வேண்டும்.