தசைக்குள்ளே எலும்பு... கட்டியை வெட்டும் முன் கவனிக்க வேண்டியவை!

தொடையில் ஒரு கட்டி. அழுத்திப் பார்த்தால் கல்லு மாதிரி இருக்கிறது. 'கேன்சரா இருக்குமோ' என்று ஒரு பயம். 'போன மாசம் விளையாடும்போது அடிபட்டதே, அந்த வீக்கம்தான். எண்ணெய் போட்டு உருவினா கரைஞ்சிடும்' என்று வீட்டில் ஒரு சமாதானம்.

இந்தப் பயம், சமாதானம் இரண்டுமே தவறான முடிவில் கொண்டுபோய் விடலாம். கேன்சர் இல்லாத கட்டியை அவசரப்பட்டு வெட்டினாலும் சிக்கல். கேன்சர் கட்டியை அடிபட்ட வீக்கம் என்று விட்டுவிட்டாலும் சிக்கல். எது எது என்று மருத்துவர்கள் எப்படிப் பிரித்துப் பார்க்கிறார்கள்?

தசையில் எலும்பு வளருமா?

வளரும். கபடியிலோ கால்பந்திலோ எதிராளியின் முட்டி தொடையில் பலமாக மோதினால், உள்ளே தசை நசுங்கி ரத்தம் கட்டும். சிலருக்கு அந்த இடம் ஆறும்போது தசைக்குப் பதிலாக எலும்பு உருவாகிவிடுகிறது. இதன் பெயர் 'மயோசைட்டிஸ் ஆசிஃபிகன்ஸ்'. முன்தொடையிலும் மேல்கையிலும் அதிகம் வரும். இளைஞர்களிடம்தான் பெரும்பாலும் பார்க்கலாம்.

இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் செய்தவர்கள், தண்டுவடத்தில் அடிபட்டவர்கள், பெரிய தீக்காயம் பட்டவர்கள் ஆகியோருக்கும் மூட்டைச் சுற்றி இப்படி எலும்பு வளர்வதுண்டு.

இது கேன்சர் கிடையாது. பலருக்கு ஓய்வும், வலிக்கான மருந்தும், பிறகு மெதுவான பயிற்சியுமே போதும். ஆனால், ஆரம்ப வாரங்களில் இது பார்ப்பதற்குக் கேன்சர் மாதிரியே இருக்கும். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

ஓரத்தில் எலும்பா, நடுவிலா?

அடிபட்ட முதல் இரண்டு வாரங்களில் எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. எம்.ஆர்.ஐ-யில் பெரிய வீக்கம் தெரிந்து பயமுறுத்தும். அந்த நேரத்தில் கட்டியின் நடுவிலிருந்து கொஞ்சம் சதை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், வேகமாகப் பெருகும் செல்கள் இருக்கும். தசை, கொழுப்பு, எலும்பு போன்றவற்றில் வரும் 'சார்கோமா' என்ற கேன்சரிலும் இப்படித்தான் தெரியும்.

1958-ல் அமெரிக்க நோய்க்குறியியல் நிபுணர் லாரன் அக்கர்மேன் இதற்கு ஒரு வழி காட்டினார். அடிபட்டு வரும் கட்டியில் ஓரம்தான் முதலில் முதிர்ந்து எலும்பாகும். நடு இன்னும் இளசாகவே இருக்கும். முட்டையை நினைத்துக்கொள்ளுங்கள், வெளியே ஓடு, உள்ளே மென்மை. எலும்பை உருவாக்கும் கேன்சர் கட்டியில் பெரும்பாலும் இது தலைகீழ். நடுவில் எலும்பு திரண்டிருக்க, ஓரம் ஒழுங்கில்லாமல் பக்கத்துத் தசைக்குள் பரவும்.

இந்த 'ஓடு' மூன்று வாரங்களுக்கு மேல் மங்கலாகத் தெரிய ஆரம்பித்து, ஆறு முதல் எட்டு வாரங்களில் தெளிவாகும். சி.டி ஸ்கேனில் இன்னும் நன்றாகத் தெரியும். அதனால்தான், அடிபட்ட வீக்கம் என்று சந்தேகம் இருக்கும்போது, சில வாரங்கள் கழித்துத் திரும்பவும் படம் எடுக்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். அதை இழுத்தடிப்பு என்று நினைக்க வேண்டாம். அந்த இடைவெளியும் பரிசோதனையில் ஒரு பகுதிதான்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

* கட்டி 5 சென்டிமீட்டருக்கு மேல், அதாவது ஓர் எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிதாக இருந்தால்
* வாரத்துக்கு வாரம் வளர்ந்துகொண்டே போனால்
* தோலுக்குக் கீழே நழுவாமல், ஆழத்தில் தசையோடு ஒட்டியிருந்தால்
* ஒருமுறை எடுத்த கட்டி அதே இடத்தில் திரும்ப வந்தால்

இதில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். 'வலியே இல்லையே' என்று நிம்மதி அடையவும் கூடாது. தசையில் வரும் கேன்சர் கட்டிகள் பல, வலியே இல்லாமல் வளர்பவை.

அடிபட்ட ஞாபகத்தை மட்டும் நம்பவும் முடியாது. ஏற்கெனவே உள்ளே இருந்த கட்டி, எங்கேயோ இடித்துக்கொண்ட பிறகுதான் கண்ணில் படும். அடியால் வந்தது என்று நாமே முடிவு கட்டிவிடுவோம்.

ஸ்கேன் முதலில், கத்தி பிறகு

'சாதாரண கொழுப்புக் கட்டிதான், அரை மணி நேரத்தில் எடுத்துவிடலாம்' என்று ஸ்கேன் பார்க்காமலே ஆழமான கட்டியை எடுத்துவிட்டு, ரிசல்ட்டில் சார்கோமா என்று வந்தால் நோயாளிக்கு இரட்டைக் கஷ்டம். மிச்சம் இருக்கும் செல்களுக்காக, இன்னும் பெரிய இடத்தை மறுபடியும் வெட்ட வேண்டிவரும்.

அதனால், முதலில் எக்ஸ்ரே, அடுத்து எம்.ஆர்.ஐ, அதன் பிறகே பயாப்ஸி என்பதுதான் ஆழமான கட்டிக்குச் சரியான வரிசை. பயாப்ஸி ஊசியை எந்த வழியாக விடுவது என்பதையும், பின்னால் ஆபரேஷன் செய்யப்போகும் குழுவே திட்டமிடுவது நல்லது. கேன்சராக இருந்தால், ஊசி போன பாதையையும் சேர்த்து எடுக்க வேண்டியிருக்கும்.

குழந்தையா? கால் கட்டைவிரலைப் பாருங்கள்

பயாப்ஸியே செய்யக் கூடாத ஒரு நோயும் இருக்கிறது. 'ஃபைப்ரோடிஸ்பிளேசியா ஆசிஃபிகன்ஸ் புரோக்ரெஸ்ஸிவா', சுருக்கமாக எஃப்.ஓ.பி. பத்து லட்சம் பேரில் ஒருவருக்கு வருவதே அபூர்வம். இந்த நோய் உள்ளவர்களுக்கு அடிபட்டாலும், கத்தி பட்டாலும், தசையில் ஊசி போட்டாலும்கூட அந்த இடத்தில் புதிதாக எலும்பு முளைக்கும்.

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் 1933-ல் பிறந்த ஹாரி ஈஸ்ட்லாக், சிறு வயதில் விளையாடும்போது கால் எலும்பை முறித்துக்கொண்டார். அதன் பிறகு ஒவ்வொரு மூட்டாக இறுகியது. கூடுதலாக வளர்ந்த எலும்பை வெட்டி எடுத்தால், இன்னும் தடிமனாக வளர்ந்தது. 1973-ல், 40 வயதை எட்டும் முன் இறந்தபோது, அவரால் உதடுகளை மட்டுமே அசைக்க முடிந்தது. தன் எலும்புக்கூட்டை ஆராய்ச்சிக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அது இன்றும் அங்குள்ள முட்டர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எஃப்.ஓ.பி உள்ள 138 பேரிடம் விசாரித்து 2005-ல் வெளியான ஆய்வில், 87 சதவிகிதம் பேருக்கு முதலில் வேறு நோய் என்று தவறாகச் சொல்லப்பட்டிருந்தது. அதில் அதிகம் சொல்லப்பட்டது கேன்சர். பாதிப் பேர், தேவையில்லாத பயாப்ஸி, ஆபரேஷன் போன்றவற்றால் உடல் அசைவை நிரந்தரமாக இழந்திருந்தார்கள்.

இத்தனைக்கும் அடையாளம் பிறக்கும்போதே காலில் இருக்கிறது. இந்தக் குழந்தைகளில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் இரண்டு கால் கட்டைவிரல்களும் குட்டையாக, உள்பக்கம் வளைந்திருக்கும். பிறகு, பெரும்பாலும் பத்து வயதுக்குள் கழுத்திலும் முதுகிலும் வீக்கங்கள் வரும். இரண்டும் சேர்ந்து இருந்தால், கத்தியை ஓரமாக வைத்துவிட்டு மரபணுப் பரிசோதனைக்குப் போக வேண்டும். காரணமான 'ஏ.சி.வி.ஆர்.1' மரபணு 2006-ல் கண்டுபிடிக்கப்பட்டதால், ரத்தப் பரிசோதனையிலேயே உறுதி செய்ய முடியும். புது எலும்பு வளர்வதைக் குறைக்கும் 'பலோவரோட்டீன்' மருந்துக்கு 2023-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது.

இதைப் படித்துவிட்டு, மற்ற குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடத் தயங்க வேண்டாம். ஊசிக் கட்டுப்பாடு இந்த நோய் உள்ளவர்களுக்கு மட்டும்தான்.

வீட்டில் என்ன செய்யலாம்?

தசையில் பலமான அடி பட்டால் முதல் சில நாள்கள் ஓய்வும் ஐஸ் ஒத்தடமும் கொடுங்கள். எண்ணெய் போட்டு உருவுவது, சுளுக்கு எடுப்பது, வலிக்க வலிக்க மடக்கி நீட்டுவது எல்லாம் வேண்டாம். உள்ளே ரத்தக்கசிவு அதிகமாகி, தசையில் எலும்பு உருவாக அதுவே வழி செய்துவிடலாம்.

அடிபட்ட தேதியை எழுதி வையுங்கள். வாரம் ஒருமுறை டேப் வைத்து அளந்து, போனில் ஒரு படம் எடுங்கள். மருத்துவரிடம் போகும்போது பழைய எக்ஸ்ரேக்களையும் கொண்டு போங்கள். 'எடுத்துடலாம்' என்று சொன்னால், 'ஸ்கேன் பார்த்தாச்சா டாக்டர்?' என்று கேளுங்கள். குழந்தையாக இருந்தால், சாக்ஸைக் கழற்றிக் காட்ட மறக்காதீர்கள்.