விளக்கு எரிந்த பின்!

மும்பை நகரில், மரைன் லைன்ஸ் பகுதியில் ஒரு படக் கொட்டகை இருக்கிறது. 1949-இல் திறக்கப்பட்டது. நாடு அடிமைத்தளை அறுத்த மகிழ்ச்சியில் அதற்கு 'லிபர்டி' என்று பெயர் சூட்டினார்கள். லிபர்டி என்றால் விடுதலை!

2014 மே திங்களில் அந்தக் கொட்டகையில் 'கஷிஷ்' திரைப்பட விழா நடந்தது. கஷிஷ் என்ற சொல்லுக்கு ஈர்ப்பு என்று பொருள். ஆணை நேசிக்கும் ஆண், பெண்ணை நேசிக்கும் பெண், திருநங்கை, திருநம்பி — பால்புதுமையினர் எனப்படும் இம்மக்களின் வாழ்வைச் சொல்லும் படங்களுக்காக 2010-இல் தொடங்கிய விழா அது.

நிறைவு நாளில் பரிசளிப்பு, கைதட்டல், ஆரவாரம்! "இதற்கு இத்தனை கொண்டாட்டமா?" என்று முகம் சுளிப்போர் உண்டு. நம் தோழர்களிலும் சிலர் உண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

அரையாண்டுகூட ஆகவில்லை அப்போது! 2013 டிசம்பர் 11-இல் உச்ச நீதிமன்றம், 377-ஆம் பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்திருந்தது. 1860-இல் வெள்ளையன் எழுதிவைத்த பிரிவு. இவர்களின் கூடலைக் குற்றமென்று சொல்லி, ஆயுள் சிறை வரை விதிக்க இடந்தந்த பிரிவு. 2009-இல் டில்லி உயர் நீதிமன்றம் திறந்துவிட்ட கதவு மீண்டும் மூடப்பட்டது. விடுதலை என்று பெயர் பொறித்த கொட்டகைக்குள் இவர்கள். வாசலிலே காத்திருந்தது விலங்கு!

அந்தத் தீர்ப்பு சொன்ன காரணங்களில் ஒன்று என்ன தெரியுமா? இவர்கள் மக்கள் தொகையில் மிக மிகச் சிறு பகுதியினராம்!

தோழர்களே, எண்ணிப் பாருங்கள். தலையை எண்ணித்தான் உரிமை தருவதென்றால், ஆயிரம் பேர் உழைக்கும் ஆலையில் எந்திரத்திடம் விரலைப் பறிகொடுத்த ஒருவனுக்கு நட்டஈடு எதற்கு? "ஒருவன்தானே!" என்று முதலாளி சொன்னால், சரி என்று திரும்பி வருவோமா?

"இது வசதி படைத்தோர் விவகாரம்" என்றும் சிலர் சொல்வார்கள். வசதி படைத்தவனுக்கு மாளிகை உண்டு, மாளிகைக்குக் கதவு உண்டு, கதவுக்குப் பூட்டு உண்டு. ஒற்றை அறையில் ஐந்து பேரோடு முடங்கிக் கிடக்கும் தொழிலாளிக்கு எது பூட்டு? சட்டத்தின் தடி முதலில் விழுவது யார் முதுகில்?

இதே மும்பையில்தான் 1998 டிசம்பரில், இரு பெண்களின் காதலைச் சொன்ன 'ஃபயர்' படத்தைத் திரையிட்டதற்காகக் கொட்டகைக்குள் புகுந்து அடித்து நொறுக்கினார்கள். அந்த ஊரில், அந்தச் சட்டத்தின் நிழலில், பலர் காணக் கூடிச் சிரிப்பதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

அவ்விழாவின் பரிசுகளில் ஒன்று, வளர்ந்துவரும் இந்திய இயக்குநருக்கு ரியாத் வாடியாவின் பெயரால் தரப்படுவது. 1996-இல் 'பாம்கே' என்ற குறும்படத்தை எடுத்துத் துணிந்து வழி திறந்தவர் அவர். 2003-இல் மறைந்தார். 2009-இன் தீர்ப்பைக்கூட அவர் காணவில்லை. விதைத்தவன் உண்ணவில்லை, விளைந்ததை அவன் பெயரால் பகிர்ந்தளிக்கிறார்கள். இதைக் கேளிக்கை என்பதா, நன்றி என்பதா?

2018 செப்டம்பர் 6-இல் உச்ச நீதிமன்றம் தன் பிழையைத் தானே திருத்தியது. மனமொத்த இருவரின் உறவு குற்றமாகாது என்றது. வரலாறு இம்மக்களிடமும் இவர்களின் குடும்பத்தாரிடமும் மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது என்று நீதிபதி இந்து மல்ஹோத்ரா எழுதினார். ஆனால் திருமண உரிமை கேட்டு வந்தபோது, 2023 அக்டோபர் 17-இல் அதே மன்றம் கைவிரித்தது. பாதி வழி வந்தாயிற்று. மீதி வழி கிடக்கிறது.

அந்த மீதி வழியில் நமக்கும் வேலை உண்டு, தோழர்களே! விழா முடிகிறது, விளக்கு எரிகிறது. கைதட்டிய இளைஞன் மறுநாள் பட்டறைக்குப் போகிறான். "எப்போது கல்யாணம்?" என்று பக்கத்தில் நிற்பவன் கேட்கிறான். உண்மையைச் சொன்னால் ஏளனம். ஆகவே பொய் சொல்கிறான். அவனைப் பொய் சொல்லவைத்தது எந்த நீதிமன்றம்? நாம்தான்! தேநீர்க் கடையிலும் ஆலை வாயிலிலும் நம் வாயிலிருந்து உதிரும் கேலிச் சொல்தான்!

அந்தச் சொல்லை இன்றே விடுவோம். பிறர் சொன்னால் தடுப்போம். கொட்டகை இருட்டில் தலைநிமிர்ந்தவன் தெரு வெளிச்சத்திலும் தலைநிமிர்ந்து நடக்கட்டும். அந்த நாளே நிறைவு விழா!