சன்னலும் ஒரு மருந்தே

நோயாளிக்கு மருந்தும் மருத்துவரும் அன்பான கவனிப்பும் தேவை என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஆனால், அவர் படுத்திருக்கும் கட்டடமே அவரைக் குணமாக்க உதவலாம், பிறருக்கு நோயைப் பரப்பவும் செய்யலாம் என்பதை எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

1984ம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் உல்ரிச், பென்சில்வேனியா மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை பெற்ற 46 பேரின் பதிவேடுகளை ஒப்பிட்டு ஓர் ஆய்வை வெளியிட்டார். அவர்களில் பாதிப்பேரின் சன்னலுக்கு வெளியே மரங்கள் தெரிந்தன. மற்றவர்களுக்குச் செங்கல் சுவர். மரங்களைப் பார்த்தவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினர். வீரியமான வலிநீக்கி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. சிறிய ஆய்வுதான் என்றாலும், மருத்துவமனைக் கட்டட அமைப்பு பற்றிய பல ஆய்வுகளுக்கு இது தூண்டுதலாக அமைந்தது.

சன்னல் தருவது மன ஆறுதல் மட்டுமல்ல. பெரு நாட்டின் லீமா நகரில் எட்டு மருத்துவமனைகளில் நடத்தப்பட்ட ஆய்வு 2007ல் வெளியானது. ஒரு மணி நேரத்தில் அறையின் காற்று எத்தனை முறை மாறுகிறது என்று அதில் அளந்தார்கள். இயந்திரக் காற்றோட்டம் கொண்ட அறைகளில் ஏறக்குறைய 12 முறை. கதவு, சன்னல்களைத் திறந்து வைத்த அறைகளில் 28 முறை. அவற்றிலும், 1950க்கு முன் உயர்ந்த கூரையோடும் அகன்ற சன்னல்களோடும் கட்டப்பட்ட அறைகளில் 40 முறை! காற்றில் பரவும் காசநோய்க்கு எதிராக, பழைய எளிய கட்டடங்களே கூடுதல் பாதுகாப்பு தந்தன.

அறுவை அரங்குகளுக்கு வடிகட்டிய காற்று தேவை. குளிர்நாடுகளில் எப்போதும் சன்னலைத் திறந்து வைக்கவும் இயலாது. ஆனால், நம் நாட்டு வெளிநோயாளர் கூடங்களை ஏன் கண்ணாடியால் மூட வேண்டும்? சாதாரண குளிர்சாதனக் கருவி அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. வெளிக்காற்றைக் கொண்டு வருவதில்லை. உலகக் காசநோயாளரில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியாவில் வாழ்கிறார். மூடிய அறையின் விலையைக் கொடுப்பவர்கள், மணிக்கணக்கில் காத்திருக்கும் ஏழைகளும், நாள் முழுவதும் அங்கே பணியாற்றும் செவிலியர்களும்தான்.

நமது பங்கிலோ ஊரிலோ மருந்தகம் கட்ட நாம் நன்கொடை தருகிறோம். கல்வெட்டில் யார் பெயர் என்று கேட்பதற்கு முன், காற்று எந்த வழியாக வரும், நோயாளியின் படுக்கையிலிருந்து என்ன தெரியும் என்று கேட்போம். நோயுற்றோரைப் பேணும் பணி கட்டட வரைபடத்திலேயே தொடங்கட்டும்.