டம்ளரை மோந்து பாருங்கள்!

எனக்கு ஏழெட்டு வயசிருக்கும்போது ஏழாயிரம்பண்ணைக்கு ஒரு சைக்கிள்காரர் வந்தார். ஐந்து பகல், ஐந்து ராத்திரி இறங்காமல் சைக்கிள் சுற்றப் போவதாக மைக் செட்டில் அறிவிப்பு. ஓட்டிக்கொண்டே குளித்தார், சாப்பிட்டார், தலை வாரினார். தீப்பெட்டி ஆபீஸ் விட்டு வந்த ஜனம் அவர் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்தியது.

எங்கள் தாத்தாவுக்கு மட்டும் சந்தேகம். அவர் குடித்துவிட்டு வைத்த டம்ளரை எடுத்து மோந்து பார்த்தார். "குளுக்கோஸ்தாம்லே" என்று தீர்ப்பு சொன்னார். நான் பார்த்த முதல் ஊக்கமருந்து சோதனை அதுதான். செலவு ஒரு மூக்கு!

வெளிநாட்டு சைக்கிள்காரர்களுக்கு விஷயம் இவ்வளவு சல்லிசாக முடிவதில்லை.

லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங். 1999 முதல் 2005 வரை 'டூர் டி பிரான்ஸ்' பந்தயத்தை ஏழு தடவை ஜெயித்தவர். 2012-ல் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு ஆயுள் தடை போட, ஏழு பட்டமும் போச்சு. 2013 ஜனவரியில் டி.வி.யில் உண்மையை ஒப்புக்கொண்டார். அதோடு முடிந்தது என்று நீங்கள் நினைத்தால், நீங்கள் பி.காம். படிக்காதவர்.

அவருடைய டீமுக்கு ஸ்பான்சர், அமெரிக்கத் தபால் துறை. கொடுத்தது சுமார் 3.2 கோடி டாலர். 'மருந்து தொடமாட்டோம் என்று சொல்லி அரசுப் பணத்தை வாங்கினாயே, அது மோசடி' என்று வழக்கு. அந்தச் சட்டப்படி மூன்று மடங்கு வசூலிக்கலாம். கிட்டத்தட்ட 10 கோடி டாலர்! கடைசியில் 2018-ல் 50 லட்சம் டாலருக்கு சமரசம். வேடிக்கை என்னவென்றால், வழக்கை ஆரம்பித்தவர் பழைய டீம் கூட்டாளி ஃபிளாய்ட் லாண்டிஸ். அவரே 2006 டூர் பட்டத்தை மருந்தால் தொலைத்தவர். அவருக்குப் பங்கு 11 லட்சம் டாலர்.

அக்கவுண்டன்சியில் 'கண்டிஞ்சென்ட் லயபிலிட்டி' என்று ஒன்று உண்டு. பாலன்ஸ் ஷீட்டில் தொகையாக வராது. அடியில் பொடி எழுத்தில் குறிப்பாகப் படுத்திருக்கும். ஒருநாள் எழுந்து வந்து கழுத்தைப் பிடிக்கும்.

சரி, ஆர்ம்ஸ்ட்ராங் தெரிந்தே செய்தார். தெரியாமல் உடம்புக்குள் போயிருந்தால்?

ஸ்பெயின்காரர் ஆல்பர்ட்டோ கோன்டடோர், 2010-ல் டூர் ஜெயித்தார். சிறுநீரில் கிளென்பூட்டரால் மருந்து, மில்லிக்கு 50 பிகோகிராம். ஒரு பிகோகிராம் என்பது ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு! 'நான் சாப்பிட்ட மாட்டுக்கறியில் இருந்திருக்கும்' என்றார். லோசானில் இருக்கும் விளையாட்டு நடுவர் மன்றம் 2012-ல் என்ன சொன்னது தெரியுமா? கறியைவிட, கலப்படமான சத்து மாவுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம் என்றது. வேண்டுமென்றே செய்தார் என்று சொல்லவில்லை. ஆனாலும் இரண்டு வருஷத் தடை. 2010 டூர், 2011 இத்தாலிப் பந்தயம் இரண்டு பட்டமும் காலி.

கொலைக் கேஸில்கூட குற்றத்தை போலீஸ்தான் நிரூபிக்க வேண்டும். இங்கே தலைகீழ். உன் உடம்பில் இருந்தால் நீதான் பொறுப்பு. எப்படி வந்தது என்று நீதான் நிரூபிக்க வேண்டும். இத்தாலியில் 2000-ல் வந்த சட்டப்படி ஜெயில்கூட உண்டு. நம் நாட்டின் 2022 சட்டத்தில் வீரருக்கு ஜெயில் இல்லை. தடையும் பதக்கப் பறிப்பும்தான்.

'தான்' என்று லேசாகச் சொல்லிவிட்டேன். திருச்சி பக்கம் முடிகண்டத்துக் கோமதி மாரிமுத்து, 2019 ஏப்ரலில் தோஹா ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டர் தங்கம் வாங்கினார். தமிழ்நாடே கொண்டாடியது. பிறகு நாண்ட்ரலோன் என்றது சோதனை. தெரிந்து எதுவும் எடுக்கவில்லை என்றார் அவர். 2020-ல் நாலு வருஷத் தடை வந்தது. தங்கம் சீனப் பெண்ணுக்குப் போனது. முப்பது வயசில் ஓடுகிறவருக்கு நாலு வருஷம் என்பது நாலு வருஷம் இல்லை சார், மொத்தமும்.

இதையெல்லாம் நான் தேடிப் படிக்கக் காரணம் என் அக்கா மகன். ஜில்லா சைக்கிள் பந்தயங்களில் ஓடுகிறான். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை வாங்கிவிட வேண்டும் என்று வெறி. போன மாசம் அவன் பையில் ஒரு பவுடர் டப்பா பார்த்தேன்.

"லேபிள் எங்கடா மாப்ள?"

"கிழிஞ்சிருச்சு மாமா. ஜிம்முல குடுத்தாங்க. எல்லாரும்தான் குடிக்காங்க."

மோந்து பார்த்தேன். வெனிலா வாசனை. தாத்தா மூக்குக்குப் பிகோகிராம் தெரியாது.

"உங்கம்மா வேலை பாக்குற பட்டாசு ஆலையில, பேர் தெரியாத பவுடரை யாராவது கையால தொடுவாங்களாடா?"

பதில் இல்லை. டப்பாவைப் பிடுங்கி வாய்க்காலில் கொட்டினேன். அவன் என்னோடு பேசுவதை நிறுத்தி இருபது நாளாகிறது. பரவாயில்லை, நாலு வருஷத்துக்கு இது தேவலை.

அக்கா அந்த டப்பாவைக் கழுவி எடுத்துக்கொண்டாள். மேலே ஒரு சீட்டு ஒட்டி 'கடுகு' என்று எழுதியிருக்கிறாள்.

ஒருவழியாக அதற்கு ஒரு லேபிள் கிடைத்துவிட்டது!