வான்கோழியும் ஐஸ்பெட்டியும்

தேங்க்ஸ்கிவிங்குக்கு வான்கோழி சமைச்சு எடுத்துட்டு வர்றேன்னு நண்பர்கிட்ட வாயை விட்டாச்சு. அவர் வீடு ஒன்றரை மணி நேர டிரைவ். "அங்க போய் மைக்ரோவேவ்ல சுட வச்சுக்கலாமே"ன்னாங்க தங்கமணி. ஆறு கிலோ பறவை எந்த மைக்ரோவேவ்ல நுழையும்?

என்னைக் கேட்டா ஐஸ்பெட்டிதான் சரி. குளிரை உள்ள பிடிச்சு வைக்கிற பெட்டி சூட்டையும் பிடிச்சு வைக்கும். அதுக்கு பியரும் ஒண்ணுதான், வான்கோழியும் ஒண்ணுதான் :-) நல்ல சூடான தண்ணியை ஊத்தி அரை மணி நேரம் மூடி வச்சேன். அப்புறம் கொட்டித் துடைச்சுட்டு, அடுப்புல இருந்து எடுத்த பறவையை ஃபாயில்ல ரெண்டு சுத்து சுத்தி உள்ள இறக்கி, சந்துல எல்லாம் பழைய துண்டைத் திணிச்சேன். ஸ்டஃபிங் தனிப் பாத்திரத்துல. அதை வயித்துக்குள்ள வச்சு ஊர்வலம் விடுறது எனக்கு ஒப்பாது.

இப்படி மூடினா தோலோட மொறுமொறுப்பு போயிடும்தான். போகட்டுமே! அந்த வீட்டுல நண்பரோட எண்பது வயசு அம்மா இருக்காங்க. சூடு 140 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழ இறங்கினா கிருமிக்குக் கொண்டாட்டம், 2 மணி நேரத்துக்கு மேல அப்படி விடாதேன்னு அமெரிக்க வேளாண்துறையே சொல்லுது. மொறுமொறுப்பா முக்கியம்?

போய் இறங்கினதும் தொடையில தெர்மாமீட்டரைக் குத்தினேன். 152. அம்மா ரெண்டாவது தடவையும் கேட்டு வாங்கிக்கிட்டாங்க. தோலைப் பத்தி தங்கமணியைத் தவிர யாரும் மூச்சு விடலை.